முதல் செய்தியை யார் அனுப்புவது?

சில வருஷம் முன்னாடி ஒரு கல்லூரியின் அவசரகாலத் திட்டத்தைப் படிக்கக் கொடுத்தார்கள். குழுக்கள், தலைவர்கள், உறுப்பினர்கள் எல்லாம் பட்டியலில் இருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "ஆபத்துன்னு தெரிஞ்சதும் எல்லாருக்கும் செய்தி அனுப்புறது யாரு?" "பிரின்சிபால்கிட்ட கேட்டுட்டுத்தான் சார்." "அவர் ஃபோன் எடுக்கலைன்னா?" பதில் வரவில்லை.

இந்தக் கேள்வியை நான் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்திலிருந்து கற்றுக்கொண்டேன். அமெரிக்கா, 2007 ஏப்ரல் 16. காலை சுமார் 7.15-க்கு ஒரு விடுதியில் இரண்டு பேர் சுடப்பட்டார்கள். இது தனிப்பட்ட தகராறு, சுட்டவன் வளாகத்தை விட்டுப் போயிருப்பான் என்று போலீஸ் நினைத்தது. எட்டரை வாக்கில் நிர்வாகக் குழு கூடிப் பேசியது. 9.05-க்கு வகுப்புகள் வழக்கம்போல ஆரம்பித்தன. முதல் மின்னஞ்சல் போனது 9.26-க்கு. விடுதியில் துப்பாக்கிச் சூடு, கவனமாக இருங்கள் என்றது. இறந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுமார் 9.40-க்கு அதே ஆள் நாரிஸ் ஹால் என்ற கட்டடத்தின் வாசல்களைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, வகுப்பறைகளுக்குள் நுழைந்தான். பத்து நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அங்கே 30 பேர் போய்விட்டார்கள்.

அதில் ஒருவர் நம்மவர். கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த நீரியல் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதே இறந்தார்.

பிறகு மாநில விசாரணைக் குழு கவனித்த ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: வளாகப் போலீசால் தானாக ஒரு எச்சரிக்கையை அனுப்ப முடியாது. விஷயம் நிர்வாகத்தின் வழியாகத்தான் போகணும். விவரம் கையில் இருந்தவர்களிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தவர்கள் கூட்டத்தில் இருந்தார்கள். முன்னாடியே செய்தி போயிருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வகுப்புக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் வாய்ப்பாவது கிடைத்திருக்கும்.

கதவும் அப்படித்தான். வகுப்பறைகளை உள்ளிருந்து பூட்ட வழியில்லை. 205-ஆம் அறையில் மாணவர்கள் மேஜையைக் கதவில் அடைகொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே யாருக்கும் காயமில்லை. 204-இல் 76 வயதுப் பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு கதவை மறித்து நின்றார். மாணவர்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். அவர் பிழைக்கவில்லை.

2008-இல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்து உறுதியானதும் தாமதமில்லாமல் அறிவிக்கணும், அந்த ஏற்பாட்டை வருஷத்துக்கு ஒரு முறையாவது சோதிச்சுப் பார்க்கணும்.

நம் ஊர்க் கல்லூரியில் துப்பாக்கியைவிடத் தீயும், ஆய்வக விபத்தும், வெள்ளமும்தான் பக்கத்தில் இருக்கிற ஆபத்து. ஆனால் கேள்விகள் மாறாது. யாரையும் கேட்காமல் மணி அடிக்க, செய்தி அனுப்ப ராத்திரி வாட்ச்மேனுக்கு உரிமை இருக்கா? விடுதியின் பின்கதவுச் சாவி இந்த நிமிஷம் யார் கையில்? கடைசியாக ஒத்திகை பார்த்தது எப்போ?

கோப்பைத் திறக்காமலே இதற்குப் பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் திட்டம் காகிதத்தில்தான் இருக்கிறது.