வார்ப்புக் கட்டையும் அதன் பெயரும்

இரும்பு வார்ப்பதற்கென மரத்தச்சர் செய்து தரும் உருவினை 'மாதிரி' என்றும் 'அச்சு' என்றும் வேறுபாடின்றி எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. இவ்விரு சொல்லும் பொருந்தா என்பது யாம் கொண்ட கருத்து. அதனை நிறுவுதற்கு அவ்வுரு அமையும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும்.

சடையங்குப்பம் வட சென்னையில் மணலியை அடுத்துள்ள ஒரு சிற்றூர். அதனைச் சூழ்ந்த வட்டாரம் விடுதலைக்குப் பின்னர் உந்துவண்டித் தொழிலுக்கு நிலைக்களம் ஆயிற்று. 1948இல் தோன்றி எண்ணூரில் அமைந்த அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டில் தோன்றிய என்பீல்டு இந்தியா திருவொற்றியூரில் இடங்கொண்டது. எண்ணூர் பவுண்டரீஸ் என்னும் வார்ப்படச்சாலை 1959இல் நிறுவப்பெற்றது. உந்துவண்டிப் பொறியின் உடற்பகுதி உருக்கிய உலோகத்தை வார்த்துச் செய்யப்படுவது. அத்தகைய வார்ப்புக்கு மூலமாய் நெடுங்காலம் நின்றது மரக்கட்டையே.

மரக்கட்டையால் உருக்கொடுக்கும் தொழில்கள் பிறவும் உள. நெய்யாது அழுத்திச் செய்த கம்பளித் துணியை நீராவியால் இளக்கி, தலை வடிவான கட்டையின்மேல் இழுத்துப் பொருத்தி உலர்த்தினால் தொப்பி ஆகும். அங்கே கட்டையின் புறவளவே தொப்பியின் அகவளவு. வார்ப்புக் கட்டையின் இயல்போ வேறு. மணலில் பதித்து எடுத்த பின்னர் அது விட்டுச்செல்லும் வெற்றிடத்திலேதான் உலோகம் பாய்கிறது.

உருகிய உலோகம் ஆறுங்கால் சுருங்கும். வார்ப்பிரும்பு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமீட்டரும், அலுமினியம் 13 மில்லிமீட்டரும், எஃகு 20 மில்லிமீட்டரும் குறையும். ஆதலின் ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புப் பொருளுக்கு 1,010 மில்லிமீட்டர் நீளமுள்ள கட்டை வேண்டும். ஒவ்வோர் அளவையும் தச்சர் கணக்கிட்டுக் கொண்டிருப்பதில்லை. அடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் மிகுதியாகக் கோடிட்ட அளவுகோல் ஒன்று அவர்களிடம் உண்டு. உண்மை அளவைக் காட்டாத அக்கோலே இத்தொழிலில் உண்மையான கோல்! கட்டையைக் கொண்டு முதலில் அலுமினிய உருவொன்று வார்த்து, அதனைக் கொண்டு இரும்பு வார்ப்பதாயின், இரு உலோகங்களின் சுருக்கத்தையும் மரமே தாங்க வேண்டும். மீட்டருக்கு ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் கூடும்.

மரம் நன்கு உலர்ந்த தேக்காயின் நலம். ஈரமணலில் கிடப்பதாலும் கடற்காற்றாலும் மரம் உப்பும். ஆகவே வெள்ளைப் பகுதியை நீக்கி, வைரத்தைக் கொண்டு, அரக்கு மெருகு பூசுவர். வட்ட உருவங்களை ஒரே பலகையில் அறுத்தால் நார் ஓடும் திசைக்கேற்ப அவை கோணும். சிறு வில்துண்டுகளாக அறுத்து, செங்கற்சுவரிற் போல இணைப்பு இணைப்பின்மேல் விழாதவாறு அடுக்கி ஒட்டினால் வட்டம் நிலைபெறும்.

கட்டையை எடுக்குங்கால் மணல் சரியாதிருக்க வேண்டும். அதற்காகப் பக்கங்களை 1 முதல் 3 பாகை வரை சாய்த்து இழைப்பர். சாய்வு போதாத இடத்தில் புடைப்பைத் தனித்துண்டாக்கி, நடுக்கட்டையை எடுத்தபின் அதனைப் பக்கவாட்டில் உருவுவர். வாய் குறுகிய தொப்பிக்குரிய கட்டையிலும் இவ்வுத்தி உண்டு. நடுத்துண்டை முதலில் உருவினால் ஏனைய துண்டுகள் உள்ளே தளர்ந்து வெளிவரும். இனி, வார்ப்பில் துளை வேண்டிய இடத்தில் கட்டையிலோ துளை இராது; முளை நீட்டிக்கொண்டிருக்கும். அம்முளை மணலில் இடும் குழியிலேதான் துளைக்குரிய மணற்கரு அமர்கிறது.

அளவில் பெரியதாய், பக்கம் சாய்ந்ததாய், துளைக்கு மாறாக முளை உடையதாய் இருக்கும் ஒன்றனை 'மாதிரி' எனல் எங்ஙனம்? 'அச்சு' என்பதோ மணலில் அமையும் வெற்றிடத்துக்கு உரிய பெயர். சுவாமிமலைச் சிற்பியர் முறையை ஒப்புநோக்குக. மெழுகால் உருச் சமைத்து, அதன்மேல் காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வடித்தபின் செம்புக்கலவையை ஊற்றுவர். அங்கே மெழுகு ஒருமுறையே பயன்பட்டு அழியும். மரமோ பன்முறை பயன்படும். இருவகையிலும் உருவினைப் பதிக்கும் பொருள் வேறு, பதிவினை ஏற்கும் வெற்றிடம் வேறு. இரண்டற்கும் ஒரே சொல்லை வழங்கினால் பாடநூல் பயிலும் மாணாக்கன் மயங்குவான்.

தொழிலாளர் 'பேட்டர்ன்' என்றே சொல்வர். அவர்க்கு மயக்கம் இல்லை. தமிழில் சொல் வேண்டுவோர்க்கு 'வார்ப்புக் கட்டை' எளிதாய்ப் பொருந்தும் என்க. பிசினாலும் உலோகத்தாலும் செய்யும்போது 'கட்டை' பொருந்துமோ எனின், மரமல்லாத அச்செழுத்துகளைக் கோக்கும் தொழிலையும் நாம் 'எழுத்துக் கோத்தல்' என்றோமேயன்றி, எழுத்து எப்பொருளால் ஆயது என்று வினவினோமல்லோம்.

இந்நாளில் கணிப்பொறி வழி இயங்கும் கருவிகள் கட்டையைக் கடைந்து தருகின்றன. சுருக்கத்தின் கணக்கு கோலினின்று கணிப்பொறிக்குள் இடம்பெயர்ந்துவிட்டது. பழங்கட்டைகளைப் பேணுவோர் உறுப்பின் எண்ணோடு உலோகத்தின் பெயரையும் அவற்றின்மேல் எழுதிவைத்தல் வேண்டும். இரும்புக்கெனச் செய்த கட்டையில் அலுமினியம் வார்த்தால், மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் குறைந்த உறுப்பே கிடைக்கும்.