குளிர்நாட்டு நெல் நம் குறுவைக்கு வந்த வரலாறு

கீழ்வேளூர்ப் பகுதி காவிரியின் கடைமடை என்பது அங்கத்தினர் அனைவரும் அறிந்ததே. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படும் ஆண்டிலுங்கூட, நீர் நம் வாய்க்கால்களை அடையச் சில நாட்கள் செல்லும். குறுவையோ ஐப்பசி அடைமழைக்கு முன்பே களம் சேர வேண்டும். நெல்லின் வயது பத்து நாள் கூடினாலும், கதிர் வயலிலேயே சாய்ந்து முளைத்துவிடும் அபாயம் உண்டு.

உரத்திற்கேற்ப நன்கு விளையும் இயல்பு ஜப்பானிய நெல்லுக்கு உண்டு. அதனை அப்படியே கொணர்ந்து இங்கு நட்டால் என்ன? நம் வெப்பத்தில் அது போதிய தூர் கட்டுமுன்னரே கதிர் தள்ளிவிடும், விளைவு குன்றும். அதன் அரிசியும் குழையும் தன்மையது. ஆகவே, அதன் குணத்தை நம் நாட்டு நெல்லோடு சேர்ப்பதே வழியாயிற்று.

1950-களின் தொடக்கத்தில், உலக உணவு விவசாய ஸ்தாபனத்தின் ஆதரவுடன் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இப்பணி தொடங்கிற்று. நெற்பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. எனவே தாய்ப்பூவின் ஆறு மகரந்தப் பைகளையும் முன்னரே நீக்கி, மற்ற ரகத்தின் மகரந்தத்தைத் தூவுவர். இவ்விரு இனங்களின் கலப்பில் பதர் மிகுதியாகும். அவற்றுள் மணி பிடித்த செடிகளைத் தேர்ந்து, குணம் நிலைபெறும் வரை தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டுக் கழிக்க வேண்டும்.

ஜப்பானின் நோரின் 10-உம், நம் ஜி.இ.பி. 24-உம் கலந்து பிறந்ததே ஆடுதுறை 27. 1922-இல் நிறுவப்பட்ட ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் இதனை 1964-இல் வெளியிட்டது. வயது ஏறத்தாழ 105 நாள். தஞ்சை மாவட்டக் குறுவையில் இது விரைந்து பரவிற்று. அத்திட்டத்தின் எண்ணற்ற கலப்புகளுள் பெயர் பெற்றவை இதுவும் மலேயாவின் மசூரியும் போன்ற மிகச் சிலவே. ஆடுதுறை 27-இன் இடத்தையும் பின்னர்ப் புதிய ரகங்கள் பெற்றன.

இதனால் நாம் அறிய வேண்டுவது யாது? ஓரிடத்தில் சிறந்த ரகம் எல்லா இடத்திற்கும் பொருந்தாது. புதிய விதை வாங்குமுன் அதன் வயது என்ன, அறுவடை எந்நாளில் வரும், நனைந்த கதிர் எளிதில் முளைக்குமா, உவர் தாங்குமா என்று கேட்டறிக. முதற் போகத்தில் சில சென்ட் நிலத்தில் மட்டும் பழைய ரகத்தின் அருகே நட்டுப் பார்க்க. இரண்டையும் தனித்தனியே அடித்து அளந்த பின்னரே முழு வயலுக்கும் விதை வாங்குவது கடைமடை விவசாயிக்கு நலம் பயக்கும்.