நக்கவாரத்தின் கடல் வாணிபம்

சோழர் கலங்கள் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைக் கடந்து கடாரம் சென்றன என்பது பலரும் அறிந்த செய்தி. அத்தீவுகளில் வாழ்ந்த மக்களுக்கு அக்கடல் வாணிபத்தில் என்ன பங்கிருந்தது என்பதோ அரிதாகவே பேசப்படுகிறது.

நாகப்பட்டினத்திலிருந்து கார் நிக்கோபார் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. சிறிய அந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் இடையே சுமார் 150 கிலோமீட்டர் அகலமுள்ள பத்து டிகிரிக் கால்வாயும், பெரிய நிக்கோபாருக்கும் சுமத்திராவுக்கும் இடைப்பட்ட கடலும் கீழ்த்திசை செல்லும் கலங்களுக்கு வாயில்களாக அமைந்தன. காற்றை நம்பி நெடுந்தொலைவு வந்த மாலுமிகளுக்கு இத்தீவுகள் வழிகாட்டும் அடையாளமாகவும், உணவு பெறும் இடமாகவும் விளங்கின. 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது படை செலுத்திய முதலாம் இராசேந்திர சோழனின் வெற்றிகளைக் கூறும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு மாநக்கவாரத்தையும் குறிப்பிடுகிறது. இந்த ஒரு பெயரைக் கொண்டு அங்கே நிலையான சோழர் ஆட்சி நடந்ததாகக் கொள்வது மிகையாகும்.

கி.பி. 673-இல் தாமிரலிப்தி வந்து சேர்ந்த சீனத் துறவி இ-சிங், வழியில் கண்ட ஆடையற்றோர் நாட்டைப் பற்றி எழுதியுள்ளார். அது நிக்கோபார்த் தீவுகளே என்பது அறிஞர் பலரின் கருத்து. கப்பலைக் கண்டதும் தீவினர் சிறு படகுகளில் திரண்டு வந்து, தேங்காய், வாழைப்பழம், பிரம்புப் பொருள்கள் ஆகியவற்றை நீட்டினர். அவர்கள் விரும்பியது பொன்னோ பட்டோ அன்று, இரும்பு. இரு விரல் அளவு இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் வரை கிடைத்தது. 851-ஆம் ஆண்டைச் சேர்ந்த அரபு நூலும் இதே பண்டமாற்றைக் கூறுகிறது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இரும்பு கிடைக்காத தீவில், மரத்தைக் குடையவும் ஈட்டி முனை செய்யவும் அதனினும் அரிய பொருள் வேறு எது?

தீவினர் வந்த கப்பலுக்காக மட்டும் காத்திருக்கவில்லை. தங்களுக்குள்ளும் கடல் வாணிபம் நடத்தினர். ஒரே மரத்தைக் குடைந்து, பக்கத்தில் மிதவைக் கட்டை பிணைத்துச் செய்யப்படும் 'ஹோடி' என்னும் கலமே அதற்கு வாகனம். சுமார் எட்டுச் சதுர கிலோமீட்டரே பரப்புள்ள சௌராத் தீவு இவ்வாணிபத்தின் மையமாயிற்று. அங்குப் பானை வனையும் மண் இல்லை. தெரசாத் தீவிலிருந்து மண் வந்தது. சக்கரமின்றிக் கையாலேயே பெண்கள் பானை வனைந்தனர். பிற தீவினர் பானை செய்தால் கேடு விளையும் என்ற நம்பிக்கை அத்தொழிலுக்குக் காவலாக நின்றது. பெரிய ஹோடிகளும் நான்கவுரித் தீவுக் கூட்டத்தில் குடையப்பெற்று, சௌராவின் வழியாகவே கார் நிக்கோபாருக்குச் சென்றன. அவற்றை வாங்க கார் நிக்கோபார் மக்கள் 70 கிலோமீட்டருக்கு மேல் திறந்த கடலில் துடுப்பு வலித்துச் சென்றனர். விலை தேங்காய்க் கணக்கில் பேசப்பட்டது.

2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை இத்தீவுகளைப் பெரிதும் அழித்தது. சௌரா மக்கள் தற்காலிகமாகத் தெரசாவில் குடியமர்த்தப்பட்டுப் பின்னரே ஊர் திரும்பினர். அலுமினியப் பாத்திரமும் இயந்திரப் படகும் பழகிவிட்ட நிலையில் பானைக்கும் ஹோடிக்கும் முன்னிருந்த தேவை இல்லை. ஏட்டில் எழுதப்பெறாத இத்தொழில்களை இளைஞர் கற்க வேண்டுமாயின் மூத்தவர்களின் அருகிலிருந்துதான் கற்க வேண்டும்.