கணையப் புற்றும் உயிரணுவின் தன்செரிப்பும்



நம் காயல்பட்டினத்தில் புற்றுநோய் குறித்த அச்சம் நெடுநாளாகவே உண்டு. அதனால்தானோ என்னவோ, ரமலான் நெருங்கும் வேளையில் கைபேசிகளில் சுற்றிவரும் ஒரு செய்தி நம் இல்லங்களில் எளிதாக இடம்பிடித்துவிடுகிறது. நோன்பு நோற்றால் உடலின் உயிரணுக்கள் புற்றுநோயைத் தின்று தீர்த்துவிடும் என்றும், இதைக் கண்டறிந்த ஜப்பானியருக்கு நோபல் பரிசே கிடைத்தது என்றும் அச்செய்தி கூறுகிறது. இதில் உண்மை எவ்வளவு? மிகக் கொடிய கணையப் புற்றைச் சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

பழுதுபட்ட நகையைப் பொற்கொல்லர் உருக்கிப் புது நகை செய்கிறார். நம் உயிரணுக்களும் அவ்வாறே தேய்ந்த தம் உறுப்புகளை ஒரு பையில் பொதிந்து, 'லைசோசோம்' என்னும் செரிப்புக் கூடத்தில் கரைத்து, கிடைத்த மூலப்பொருளை மீண்டும் பயன்படுத்துகின்றன. பட்டினிக் காலத்தில் இவ்வேலை விரைவடைகிறது. 1963இல் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ் இதற்கு 'ஆட்டோபேஜி' எனப் பெயரிட்டார். இதனை இயக்கும் மரபணுக்களைக் கண்டறிந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிட்டியது. ஆனால், அவர் பட்டினியிட்டு ஆராய்ந்தது ஈஸ்ட் எனும் நுண்ணுயிரை; நோன்பாளியை அன்று. புற்றுநோய்க்கு மருந்து கண்டதாக அவர் கூறவுமில்லை.

இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கும் கணையம், செரிமான நீரையும் இன்சுலினையும் சுரக்கிறது. இயல்பான கணையத்துக்குத் தன்செரிப்பு ஒரு காவலாளி. எலிகளில் அது குன்றியபோது கணையம் அழற்சியுற்றுச் சுருங்கியது. நாட்பட்ட கணைய அழற்சி புற்றுக்கு வழிவகுக்கக் கூடியது என்பதை நம் மாநிலமே அறியும். கணையத்தில் கல் தோன்றும் அழற்சியுடைய 185 பேரைச் சென்னையில் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அவர்களுக்குக் கணையப் புற்று வரும் வாய்ப்பு மிக அதிகம் என 1994இல் தெரிவித்தது.

புற்று வேரூன்றிய பின்போ, காவலாளி கள்வனுக்குத் துணைபோகிறான்! கணையப் புற்றணுக்கள் வளர்வதற்குத் தன்செரிப்பையே பெரிதும் நம்பியிருக்கின்றன என்று 2011இல் அமெரிக்க ஆய்வாளர் அலெக் கிம்மல்மன் குழுவினர் கண்டனர். நோய் எதிர்ப்புப் படை தம்மை இனங்காண உதவும் அடையாளங்களையும் அவை விழுங்கிச் செரித்துவிடுகின்றன என்பது 2020இல் வெளிப்பட்டது. அவ்வாறு ஒளிந்து வளர்ந்த புற்று, கல்லீரல் முதலான உறுப்புகளுக்குப் பரவுகிறது.

அப்படியாயின் தன்செரிப்பைத் தடுத்துவிட்டால் போதுமே எனலாம். மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கொண்டு அதையும் முயன்றனர். 112 நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளியான சோதனையில், கீமோதெரபியுடன் அதைச் சேர்த்ததால் பலருக்குக் கட்டி சுருங்கியது, ஆயுளோ நீளவில்லை. அதே ஆண்டில் ஜெர்மனியின் மூனிக் நகர ஆய்வாளர்கள் மற்றொரு வியப்பைக் கண்டனர். தன்செரிப்புக்குரிய ஒரு மரபணுவின் இரு படிகளையும் இழந்த எலிகளில் கட்டி உருவாகவில்லை. ஒரு படியை மட்டும் இழந்தவற்றிலோ கட்டியும் பெருகியது; பிற உறுப்புகளுக்குப் பரவுவதும் மிகுந்தது. அரைகுறைத் தடை ஆபத்தாகவே முடிந்தது!

சிந்தித்துப் பாருங்கள். ஆய்வுக்கூடத்திலேயே அளவு பிசகினால் எதிர்விளைவு தரும் ஒன்றை, வெறும் பசியால் வீட்டில் சீர்செய்துவிட இயலுமா? கணையப் புற்றாளர் எடை குறைந்து நலிவதே பெரும் இடர். அவரைப் பட்டினியிடுவது மருத்துவமும் அன்று, மார்க்கமும் அன்று. நோயாளி நோன்பைப் பிற்படுத்திக் களாச் செய்யவும், குணமடையும் நம்பிக்கை அற்றவர் பித்யா கொடுக்கவும் மார்க்கம் வழி வகுத்திருக்கிறதே! நாம் நோன்பு நோற்பது இறைக் கட்டளை என்பதற்காக. அதன் சிறப்புக்குப் பொய்ச் செய்தி துணை நிற்க வேண்டியதில்லை.

கண் மஞ்சளித்தல், சிறுநீர் கருத்து மலம் வெளுத்தல், முதுகுக்குப் பரவும் மேல்வயிற்று வலி, காரணமின்றி எடை குறைதல், ஐம்பது வயதுக்கு மேல் திடீரெனத் தோன்றும் நீரிழிவு ஆகிய அறிகுறிகளைக் கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுங்கள். புகைப்பழக்கம் இந்நோயின் வாய்ப்பைக் கூட்டுவதால், அதனை இன்றே விட்டொழியுங்கள். அடுத்த முறை அச்செய்தி உங்கள் கைக்கு வந்தால், அது உங்களோடு நிற்கட்டும். நோயுற்ற ஒருவர் அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட நாம் காரணமாகிவிடக் கூடாது.