அமீர்பேட் மணலில் ஒரு பனிப் பயிற்சி

அமீர்பேட் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது மைத்ரிவனமும் அதைச் சுற்றியுள்ள கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்களும்தான். மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் மூன்று மாதக் கோர்ஸுக்கு என்று வந்து, இங்கேயே வீடு வாங்கி நிலைத்துவிட்ட குடும்பங்கள் நம் சங்கத்தில் எத்தனையோ. டிசம்பரில் வெப்பநிலை பத்து டிகிரிக்கு இறங்கினால் மறுநாள் பேப்பரில் அது செய்தி. குரங்குக் குல்லாய் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போகமாட்டோம். இப்படிப்பட்ட பேட்டையிலிருந்து ஏழு பேர் காஷ்மீரத்துப் பனிமலையில் ஸ்கீ பயணம் போகப்போகிறோம் என்று மூன்று வருடங்களுக்கு முன் பொங்கல் விழாவில் சொன்னபோது பலரும் சிரித்தார்கள். ஒரு மாமி மட்டும் சிரிக்கவில்லை. "ஏழு பேரும் பத்திரமாத் திரும்பி வர்றதுக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இப்போது சங்கத்துப் பிள்ளைகள் இன்னும் சிலர் சேர விரும்புவதால் அதற்கான பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இது சினிமாப் பாட்டில் வரும் பனிச்சறுக்கு அல்ல. குல்மார்க்கில் கோண்டோலா என்னும் கம்பிவடப் பெட்டி ஓடுகிறது. 1998இல் முதல் கட்டம் வந்தது, 2005இல் இரண்டாம் கட்டம் அபர்வத் மலைத்தோள் வரை போனது. அதில் ஏறிப்போய், காவல் குழு திறந்துவிட்ட சரிவுகளில் சறுக்கி இறங்குவது ஒரு வகை. நாங்கள் பழகுவது அந்த எல்லைக்கு வெளியே. ஸ்கீயின் அடியில் 'ஸ்கின்' என்ற பட்டையை ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் அது சீல் என்னும் கடல்நாயின் தோல்; இன்று மோஹேர் அல்லது நைலான். அதன் மயிர் ஒரே பக்கமாகப் படிந்திருப்பதால் முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. குதிகாலைத் தூக்கித் தூக்கி மணிக்கணக்கில் ஏறி, மேலே போனதும் பட்டையை உரித்துப் பையில் போட்டு, குதிகாலைப் பூட்டிக்கொண்டு இறங்க வேண்டும். யாரும் வழி போட்டு வைத்திருக்க மாட்டார்கள். சரிவு பத்திரமா என்று நமக்குச் சொல்லப் பலகையும் இராது.

ஸ்கீயை அமீர்பேட்டில் கற்றுக்கொள்ள முடியாது. லோயர் டேங்க்பண்ட் அருகே 2004இல் திறந்த 'ஸ்னோ வேர்ல்'டில் குழந்தைகள் உருண்டு விளையாடலாம், அவ்வளவுதான். குல்மார்க்கில் மத்திய சுற்றுலாத் துறையின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே இரண்டு குளிர்காலம் விழுந்து எழுந்து கற்ற பிறகுதான் எல்லைக்கு வெளியே போவதைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தோம். ஒரு வாரம் கற்றவுடன் போகலாமா என்று கேட்கும் தம்பிகளுக்கு என் பதில், கூடாது.

உடம்பைத் தயார் செய்வதற்கு இங்கேயே வசதி உண்டு. எங்கள் அடுக்குமாடியில் பத்து மாடி. பன்னிரண்டு கிலோ அரிசி மூட்டையை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு வாரம் நான்கு நாள் ஏறி இறங்கினோம். லிஃப்ட் பழுதாகிவிட்டதா என்று எல்லோரும் விசாரித்தார்கள். மாதம் ஒரு ஞாயிறு, சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புவனகிரிக் கோட்டைப் பாறை. இந்தப் பாறையில் தொடங்கிய மாலாவத் பூர்ணா என்ற நிஜாமாபாத் மாவட்டத்துப் பெண், 2014 மே 25 அன்று தன் 13ஆம் வயதில் எவரெஸ்டில் ஏறினாள். ஐதராபாத் ஏறத்தாழ 540 மீட்டர் உயரம், குல்மார்க் 2,650. அங்கே போய்ச் சேர்ந்த முதல் இரண்டு நாள் நடப்பதும் தூங்குவதும்தான் வேலை. உயர நோய்க்கு மாத்திரை உண்டு என்றாலும் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

துணிமணி பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பனியன் என்று பெயர்தானே தவிர, அது பனிக்கு ஆகாது. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடந்து உடம்பைக் குளிரவைக்கும். உடம்போடு ஒட்டுவது கம்பளி அல்லது பாலியெஸ்டராக இருக்கட்டும். தண்ணீர் மேற்பரப்பில்தான் முதலில் உறையும் என்பதால் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் வாய் அடைக்காது. அம்மாக்கள் கட்டித்தரும் பொருவிளங்காய் உருண்டையை ஊரிலேயே விட்டுவிடவும். இங்கேயே அதற்குச் சுத்தியல் தேவை. வெளி மாநில பிரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். வெளிநாட்டுச் சொந்தங்கள் சேரும்போது இன்னொரு எச்சரிக்கை: சாட்டிலைட் போனோ, சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியோ அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் போலீஸ் வழக்காகிவிடும்.

இனி முக்கியமான விஷயம். பனிச்சரிவு. 2010 பிப்ரவரியில் குல்மார்க் அருகே பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள் 17 பேரை அது கொண்டுபோனது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகண்டின் திரௌபதி கா தண்டா சிகரத்தில் மலையேற்றப் பயிற்சிக் குழுவினர் 29 பேர். 2023 பிப்ரவரியில் அபர்வத்தில் போலந்துக்காரர் இருவர். மறு பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். இவர்களில் பலர் நம்மைவிடப் பல மடங்கு தேர்ந்தவர்கள். ஆகவே கெட்டிக்காரத்தனம் மட்டும் காப்பாற்றாது.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள இடங்களில்தான் கிளம்புகின்றன. வீட்டு மாடிப்படியின் சாய்வு என்று நினைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அதைவிடச் செங்குத்தானதும். சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்பு ஆய்வு நிலையம் பனிக்காலத்தில் அபாய அறிக்கை தருகிறது. மனாலியில் 1969 முதல் இயங்கிய 'சாசே' நிலையம்தான் 2020இல் இதோடு இணைந்தது. அந்த அறிக்கையைப் படிக்காமல் நாங்கள் காலையில் பூட்ஸ் மாட்டுவதில்லை.

புதைந்துவிட்டால்? ஸ்விட்சர்லாந்துக் கணக்குகளை வைத்து 1994இல் வெளியான ஆய்வின்படி, 15 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். 35 நிமிடமானால் பத்தில் மூன்று பேர். 2024இல் வந்த புதிய ஆய்வு அந்த 15 நிமிடத்தைப் பத்தாகக் குறைத்துவிட்டது. பத்து நிமிடத்தில் ஹெலிகாப்டரும் வராது, ராணுவமும் வராது. காப்பாற்ற இருப்பது கூட வந்த ஆறு பேர்தான். அதனால் ஒவ்வொருவர் மார்பிலும் 457 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் டிரான்சீவர், பையில் மடக்கு மண்வாரி, நீளமாக விரியும் புரோப் கம்பி. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்த ஆள் குழுவில் இல்லை.

இதைப் பழகத்தான் அமீர்பேட் மணல். எங்கள் தெருவில் கட்டட வேலை நடந்த இடத்தில், மேஸ்திரியிடம் அனுமதி வாங்கி, ஒரு டிரான்சீவரைச் சாக்கில் சுற்றி மணலுக்குள் புதைத்தோம். ஒருவர் நேரம் பார்க்க, மற்றவர்கள் தேட வேண்டும். அம்புக்குறி காட்டும் திசையில் ஓடி, பக்கத்தில் வந்ததும் கருவியைத் தரையோடு தாழ்த்தி, மிகக் குறைந்த எண் காட்டும் இடத்தில் கம்பியால் சாண் இடைவெளியில் சுற்றிச் சுற்றிக் குத்த வேண்டும். தட்டுப்பட்டால் கம்பியைப் பிடுங்காமல், பள்ளத்துப் பக்கமிருந்து தோண்ட வேண்டும். தேடும் கருவிக்கு 50 சென்டிமீட்டருக்குள் மொபைல் இருந்தால் அது குழம்பும். முதல் நாள் எங்களுக்கு 14 நிமிடம் ஆயிற்று. தீபாவளிக்குள் ஐந்தாகக் குறைத்தோம். வாட்ச்மேன் நாங்கள் நிஜாம் காலத்துப் புதையல் தேடுவதாகவே நம்பினார். "ஏமைனா தொரிகிந்தா சார்?" என்று தினமும் கேட்பார். மணல் லேசு என்பதையும் சொல்ல வேண்டும். சரிந்து நின்ற பனி சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து ஒருவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் அள்ள வேண்டியிருக்கும்.

இதையெல்லாம்விட எங்களுக்குக் கடினமாக இருந்தது வேறு. அமெரிக்காவில் இயன் மக்காமன் என்பவர் 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து 2004இல் எழுதினார். அபாய அறிகுறிகள் கண்ணுக்குத் தெரிந்தும் பலர் போயிருக்கிறார்கள். தலைவருக்குத் தெரியாததா என்ற நினைப்பு, முன்னால் யாரோ போன தடம் இருக்கிறதே என்ற தைரியம், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற ஆசை. படித்தபோது நம் வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. பெரியவர் சொன்னால் சின்னவர் மறுத்துப் பேசக்கூடாது என்றுதானே வளர்ந்திருக்கிறோம்? எங்கள் குழுவில் மூத்தவர் ஐம்பத்திரண்டு வயது வங்கி அதிகாரி. இளையவள் இருபத்து நாலு வயதுப் பெண், எல்லோரையும் சார், அண்ணா என்பவள். அவள் வாயைத் திறப்பாளா?

அதற்காக ஒரு விதி வைத்தோம். யார் வேண்டுமானாலும் "போதும்" என்று சொல்லலாம். சொன்னால் எல்லோரும் திரும்ப வேண்டும். கீழே வந்து சேரும்வரை ஏன் என்று கேட்கக்கூடாது. நார்வேயில் இருக்கும் ஈழத்து நண்பர் ஒருவர் இதைக் கேட்டு, அங்கே மலைக்குப் போகிறவர்களுக்கான ஒன்பது விதிகளில் ஒன்றே, திரும்பி வருவதில் வெட்கமில்லை என்பதுதான் என்றார். 1967 ஈஸ்டர் விடுமுறையில் 18 பேர் மாண்ட பிறகு அந்த விதிகள் அங்கே வீடுவீடாகப் பரவினவாம்.

புவனகிரிப் பாறையில், உச்சிக்குச் சற்றுக் கீழே அந்தப் பெண் முதன்முதலாகச் சொன்னாள்: "சார், போதும்." பெரியவர், "இன்னும் பத்து நிமிஷந்தானேம்மா" என்றார். பிறகு விதி நினைவுக்கு வந்து இறங்கினார். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் மாடிப்படியில் ஒன்பதாவது மாடியில் "போதும்" சொன்னது அவரேதான். முழங்கால் வலியை மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். இப்போது அவர் மலை ஏறுவதில்லை. குல்மார்க் விடுதியில் இருந்துகொண்டு எங்கள் நேரக் கணக்கைப் பார்க்கிறார்.

சென்ற பிப்ரவரியில் மூன்றாம் நாள். இரவெல்லாம் பனி பெய்து காற்றும் அடித்திருந்தது. காலையில் பளிச்சென்று வெயில். நாங்கள் ஏறவிருந்த சரிவில் வேறு குழுவின் தடம் அழகாகத் தெரிந்தது. காஷ்மீரி வழிகாட்டி குனிந்து பனியைத் தோண்டி அடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் அந்தப் பெண் "போதும்" என்றாள். ஆறு மாத மாடிப்படி, விமான டிக்கெட், லீவு எல்லாம் எல்லோர் முகத்திலும் ஒரு கணம் வந்து போயின. திரும்பினோம். வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் முன்னால் நடந்தார். அன்று அந்தச் சரிவில் ஒன்றும் நடக்கவில்லை. அந்த இன்னொரு குழு மாலையில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து குதூகலமாகக் காவா குடித்தது. எங்களில் ஒருவரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. காற்று அள்ளிக் குவித்த பனி, நடக்கும்போது அடியில் 'தொம்' என்று ஒலித்ததைக் கேட்டாளாம். இரவுச் சாப்பாட்டில் அவளாகவே சொன்னாள்.

புறப்படுமுன் ஏழு வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போகிறோம். எந்த வழி, வழிகாட்டி எண், ஒவ்வொருவர் ரத்த வகை, மாலை எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைப்பது என்று அதில் இருக்கும். சேர விரும்பும் பிள்ளைகள் அந்தக் காகிதத்தைப் பெற்றோருடன் உட்கார்ந்து படித்துவிட்டு வரட்டும். எங்கள் பின்தெருவில் இப்போது புதிதாக ஒரு வீடு எழும்புகிறது. மணல் வந்து இறங்கிவிட்டது, மேஸ்திரியிடமும் பேசியாகிவிட்டது.