எல்லாம் சுளுக்கு அன்று

ஓசூர்த் தொழிற்பேட்டைகளிலும் கிருஷ்ணகிரிக் கருங்கல் குவாரிகளிலும் 'கழுத்துச் சுளுக்கு' என்பது நாள்தோறும் கேட்கும் சொல். பாரம் தூக்கியவர், முடிதிருத்தகத்தில் கழுத்தைச் சொடுக்கிக்கொண்டவர், ஆடுகளத்தில் விழுந்த மாணவர் ஆகிய அனைவர்தம் வலிக்கும் நாம் இட்டுள்ள பெயர் அதுவே. அப்பெயருக்குள் வேறொரு நோயும் மறைந்திருக்கக்கூடும் என்பதை ஈண்டு விளக்க விழைகின்றோம்.

கழுத்தின் இருமருங்கும் மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனிகள் உள்ளன. அவற்றின் சுவர் நலிந்த இடம் குருதியின் அழுத்தத்தால் புடைத்தெழுவதே தமனிப் புடைப்பு. உடலில் தோன்றும் தமனிப் புடைப்புகளுள் இது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அரிதாயினும் கொடிது. புடைப்பினுள் உறைந்த குருதிக்கட்டி பெயர்ந்து மூளையை அடையின் பக்கவாதம் நேரும்.

உழைப்பு இதற்குக் காரணமா? கொழுப்புப் படிவு, பிறவி நலிவு, தொற்று, காயம் எனக் காரணங்கள் பல. கடும் உழைப்பு மட்டுமே இதனை உண்டாக்கும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் கழுத்தில் விழும் அடியும், திடீர்த் திருகலும், மூச்சடக்கிப் பெரும்பாரம் தூக்கலும் சிலருக்குத் தமனியின் உட்சுவரைக் கிழிக்கக்கூடும். அக்கிழிசல் நாளடைவில் புடைப்பாகலாம். 2014 நவம்பரில் சிட்னி ஆடுகளத்தில் பந்து கழுத்தில் பட்டு, கழுத்தெலும்பை ஒட்டிச் செல்லும் தமனி கிழிந்து ஆஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் உயிர்நீத்ததை மாணவர் பலரும் அறிவர்.

குர்துபா நகரின் அறுவை மருத்துவர் அபுல்காசிம் அல்சஹ்ராவி (மறைவு 1013) தமனியில் எழும் வீக்கத்தைப் பிற கட்டிகளினின்றும் பிரித்தறிந்து எழுதினார். 1808இல் இலண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் கழுத்துத் தமனியைக் கட்டி ஒரு நோயாளியைப் பிழைக்கச் செய்தார். இன்றோ ஸ்கேன் மூலம் நோயறிந்து, அறுவையாலோ தமனிக்குள் ஸ்டென்ட் பொருத்தியோ குணப்படுத்துகின்றனர்.

எனவே, கழுத்தில் நாடிபோல் துடிக்கும் வீக்கம், அடிபட்டபின் ஒருபக்கமாக நீடிக்கும் கடும் வலி, ஒரு கண்ணிமை தாழ்தல், குரல் கம்முதல் ஆகியவை தோன்றின் எண்ணெயிட்டு உருவுதலோ நெட்டி முறித்தலோ கூடாது, மருத்துவரை நாடுக. வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ ஒரு நொடியும் தாழ்த்தாது 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

உழைப்பை அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். வலிக்கு உரிய பெயரை அறிந்து காலத்தே மருத்துவம் செய்துகொள்வதும் அந்த அமானிதத்தைப் பேணுவதேயாகும்.