விலா வலியா? வாயுப்பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள்!

பனையோ தென்னையோ ஏறுபவர் மார்பை மரத்தோடு அணைத்துத்தான் ஏறுகிறார். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர் விடியும் முன்பே நூற்றுக்கணக்கான மரங்களில் குனிந்து, நிமிர்ந்து, திரும்பி வேலை செய்கிறார். தோவாளை, பூதப்பாண்டி வயல்களில் கும்பப்பூ அறுவடை தொடங்கினால் நெல் மூட்டை தோளேறுகிறது. இப்படி உழைக்கும் உடம்பில் விலா வலித்தால், "வாயுப்பிடிப்பு, இஞ்சிச்சாறு குடி" என்பதே வீட்டில் கிடைக்கும் முதல் வைத்தியம். ஆனால், விலா வலிக்குக் காரணங்கள் பல. அவற்றைப் பிரித்தறியத் தெரிந்தால் ஓர் உயிரையே காப்பாற்றலாம்.

தசைப்பிடிப்பு

நமக்கு 12 ஜோடி விலா எலும்புகள் உண்டு. அவற்றுக்கு இடையிலுள்ள தசைகள்தான் மூச்சுக்கு உதவுகின்றன. மூட்டை தூக்கும்போதும், வாழைக்குலை சுமக்கும்போதும், தெளிப்பானை முதுகில் மாட்டி நாள் முழுக்க நடக்கும்போதும் இந்தத் தசைகள் சுளுக்கிக்கொள்ளும். திரும்பினாலும், இருமினாலும், அந்த இடத்தை அழுத்தினாலும் வலி கூடும். விலா எலும்பு நடு நெஞ்செலும்போடு சேரும் குருத்தெலும்பு வீங்கினாலும் இதே போல வலிக்கும். ஓய்வெடுத்தால் இவை பெரும்பாலும் குணமாகிவிடும்.

மரத்திலிருந்து விழுந்தால்

விழுந்தபின் மூச்சு இழுக்கும்போதெல்லாம் குத்தினால் எலும்பு முறிந்திருக்கலாம். முறிவு கூடச் சுமார் 6 வாரம் ஆகும். நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். மூச்சு முழுதாக இழுக்க முடியாமல் சளி தேங்கி நிமோனியா வரும். மருத்துவர் தரும் வலி மருந்தைச் சாப்பிட்டு, அடிக்கடி ஆழமாக மூச்சு விடுவதே சரியான வழி.

இடது கீழ் விலாவுக்குள் மண்ணீரலும், வலது பக்கம் கல்லீரலும் இருக்கின்றன. இவற்றில் காயம் பட்டால் ரத்தக்கசிவு சில மணி நேரம், சில சமயம் சில நாட்கள் கழித்துக்கூட வெளிப்படும். தலைசுற்றல், வயிறு உப்புதல், தோளில் வலி, உடல் குளிர்ந்து வியர்த்தல் ஆகியவை அபாய அறிகுறிகள். வர்மத்துக்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது; அடிபட்டால் ஆசானிடம் தடவப் போவது வழக்கம். போகலாம். ஆனால், எக்ஸ்ரேயும் தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுத்துப் பார்க்காமல் விலாவைத் தடவவோ அழுத்தவோ கூடாது. முறிந்த எலும்பின் முனை நுரையீரலைக் குத்திவிடும்.

விழுந்தவரைத் தூக்கி உட்கார வைப்பதும், பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவதும் தவறு. முதுகெலும்பும் அடிபட்டிருக்கலாம். அசைக்காமல் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

அடிபடாமலே வலித்தால்

* காய்ச்சல், இருமலோடு மூச்சு இழுக்கும்போது குத்தினால் நுரையீரலிலோ அதன் உறையிலோ தொற்று இருக்கலாம். 2 வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைவு, இரவில் வியர்வை என்றால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

* விலாவில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோடு வலித்து, சில நாளில் வரிசையாகக் கொப்புளம் வந்தால் அது அக்கி. அக்கி எழுதுவதோடு நிறுத்தாமல், கொப்புளம் வந்த 3 நாளுக்குள் மருத்துவரிடம் போனால் நெடுநாள் நரம்பு வலியைத் தவிர்க்க வாய்ப்பு அதிகம்.

* எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலித்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். பின் விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு வலி இறங்கினால் சிறுநீரகக் கல்லைச் சந்தேகியுங்கள்.

* வயதானவர்களுக்குப் பலத்த இருமலிலேயே விலா எலும்பு முறிவதுண்டு. வாரக்கணக்கில் விடாமல், இரவிலும் வலித்தால் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத வலி

நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். இஞ்சிச்சாறு குடித்துப் பார்க்கும் நேரமல்ல அது. உடனே 108-ஐ அழையுங்கள்.

வருமுன் காக்க

தென்னை ஏறும் கருவியையும் பாதுகாப்பு இடைவாரையும் பயன்படுத்துங்கள். மழையில் பாசி படிந்த மரத்தில் ஏறாதீர்கள். தனியாக மரமேறாமல், கீழே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையை இருவராகத் தூக்குங்கள். மருந்துக்கடையில் நீங்களே வலி மாத்திரை வாங்கி நாள்கணக்கில் விழுங்காதீர்கள். வயிறும் சிறுநீரகமும் கெடும், நோயும் மறைந்து நிற்கும். விரிவாக்கப் பணியாளர்கள் உழவர் கூட்டங்களில் உரம், விதை பற்றிப் பேசும்போது இதற்கும் 5 நிமிடம் ஒதுக்கினால் பல குடும்பங்களுக்கு நன்மை.